சந்தா பாக்கியும் கிருபையும்: சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகரக் கமிட்டி உறுப்பினர்களுக்கும், மூப்பர்களுக்கும், பொருளாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

தென்மாவட்டச் சபைகளில், சேகரம் என்று நாம் அழைக்கும் சபைத் தொகுதிகளில், பொறுப்பில் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்த ஒரு சபையையும் சுட்டிக்காட்ட எழுதவில்லை. நான் சொல்லப்போகும் வழக்கம் பல ஊர்களில் இருப்பது உங்களுக்கே தெரியும். சபைக்கு மாதம் மாதம் கட்டும் சந்தாவில் பாக்கி இருந்தால் அடக்கத்துக்கு மணி அடிப்பதில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போகிறது. கல்யாண ஓலை (ஆராதனையில் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கையெழுத்து கிடைப்பதில்லை. இதை நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். பணக் கஷ்டத்தை மட்டும் நினைத்து நான் இதைக் கேட்கவில்லை. இரட்சிப்பு தேவன் தரும் இலவசமான ஈவு என்று நாம் அறிக்கையிடுகிறோம். அந்த அறிக்கையை இந்த வழக்கம் அடியோடு மறுக்கிறது என்று நம்புகிறேன்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உப்பளத்தில் வேலை செய்தவர், சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓர் இரவில் இறந்துபோனார். காலையில் ஃப்ரீசர் பெட்டி வந்தது, பந்தல் போட்டாயிற்று, சென்னையிலிருந்து தம்பியும் வந்து சேர்ந்துவிட்டார். கோயில் மணி மட்டும் அடிக்கவில்லை. மணி அடிக்கும் கோயில்பிள்ளை என்ன செய்வார்? பொருளாளரிடமிருந்து சீட்டு வந்தால்தான் அவர் கயிற்றைத் தொட முடியும். இறந்தவரின் மைத்துனர் பொருளாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நீளமான சந்தாப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. குடும்ப எண், பெயர், அதற்கு நேரே மாதம் மாதமாகக் கட்டங்கள். சீக்கில் விழுந்த வருஷத்திலிருந்து அந்தக் கட்டங்கள் எல்லாம் வெறுமை. அதோடு கோயில் கட்டட நிதிக்கு முன்பு பேர் எழுதிய தொகை, பண்டிகை வரி. எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார்கள். மைத்துனர் எழுந்து போய், பந்தல்காரருக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். ரசீது கிழித்துக் கையில் கொடுத்த பிறகுதான் மணி அடித்தது.

அந்தப் பொருளாளர் கெட்டவர் இல்லை. கோயில் வேலையாக அலைவதற்குத் தன் கைக்காசில் பெட்ரோல் போடுகிற மனிதர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. விதி அப்படி, அவர் அதை நடத்தினார், அவ்வளவுதான். அதனால்தான் மனிதர்களைப் பற்றி அல்ல, விதியைப் பற்றி எழுதுகிறேன்.

சாயங்காலம் அடக்க ஆராதனையில் ஐயர் (சபையின் குருவானவர்) எடுத்த வசனம் எபேசியர் 2:8, 9: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." அருமையாகவே பிரசங்கித்தார். அந்த விதவை முன்வரிசையில் இருந்தாள். காலையில் திண்ணையில் ஒன்றைக் கேட்டாள், மாலையில் பீடத்திலிருந்து வேறொன்றைக் கேட்டாள். எது அவள் மனதில் நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

எது நிற்கும் என்பதை நான் வேறொரு இடத்தில் கேட்டேன். எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பாட்டியம்மாள் படுக்கையில் விழுந்தபோது, பார்க்கப் போனவர்களில் ஒருவர், "ஆச்சி, ஆண்டவர்கிட்டப் போவோம்னு நிச்சயம் இருக்கா?" என்று கேட்டார். பாட்டி சொன்ன பதில்: "ஒரு மாசம்கூட சந்தா பாக்கி வைக்கலியே ராசா." அறுபது வருஷத்துக்கு மேல் கோயிலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டவள். சிலுவையைப் பற்றி ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். மரணப் படுக்கையில் அவள் பிடித்துக்கொண்டது ரசீதுகளை. அவளை யாரும் குறை சொல்ல முடியாது. நாம் நடத்திக் காட்டியதைத்தான் அவள் படித்துக்கொண்டாள்.

உபதேசத்தில் நமக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையைக் கேட்டாலும் இரட்சிப்பை விலை கொடுத்து வாங்க முடியாது என்றுதான் சொல்லும். நானூறு வருஷத்துக்கு மேல் இந்த விஷயத்தில் மோதிக்கொண்டிருந்த கத்தோலிக்கரும் லுத்தரன்களும்கூட 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: நம்முடைய புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தினால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2006இல் மெதடிஸ்ட் சபைகளும் அதோடு சேர்ந்துகொண்டன. ஏட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. சந்தாப் புத்தகத்தில்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசியை ஞாயிறு பள்ளியில் பேராசைக்காரன் என்று படித்து அதோடு விட்டுவிடுகிறோம். 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை இன்னொரு தரம் நிதானமாக வாசியுங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்க வேண்டி வரும்போது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று உடை எடுத்துக்கொண்டு வந்தான். தெய்வத்திடம் போவதென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவன் அறிந்த வழக்கம். யோர்தானில் ஏழு தரம் முழுகினான். அவன் மாம்சம் சிறுபிள்ளையின் மாம்சத்தைப்போல் ஆயிற்று. காணிக்கை வாங்கிக்கொள்ளும்படி எலிசாவை வருந்திக் கேட்டான். எலிசா ஒரு காசைக்கூடத் தொடவில்லை. நாகமான் ஊருக்குப் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் கேயாசி பின்னாலேயே ஓடினான். அவன் கேட்டது ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடையும். நாகமான் சந்தோஷமாக இரண்டு தாலந்தாகக் கொடுத்தனுப்பினான்.

கொடுத்தவனுக்கு வருத்தமில்லை. எலிசாவுக்கு நஷ்டமில்லை. பிறகு ஏன் நாகமானின் குஷ்டமே கேயாசியைப் பிடிக்கும்படி அவ்வளவு கடுமையான தண்டனை? பொய் சொன்னான், சரி. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அவன் கெடுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இஸ்ரவேலின் தேவன் கூலி வாங்காமல் சுகம் கொடுப்பவர் என்பதை ஒரு புறஜாதி மனிதன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டான். அந்தச் செய்தியோடுதான் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கேயாசி வழிமறித்து அதைப் பறித்துக்கொண்டான். இந்தத் தேவனும் வாங்குகிறவர்தான், என்ன, கொஞ்சம் பிந்தி வாங்குகிறார் என்ற எண்ணத்தோடு அந்த ரதம் போயிருக்கும். திரும்பி வந்த கேயாசியை எலிசா கேட்கிறார்: பணம் வாங்குவதற்கு இது காலமா? துக்க வீட்டிலிருந்து வந்தவர் முன்னால் புத்தகத்தை விரிக்கும்போது அதே கேள்வி நம்மையும் கேட்கிறது.

நம்முடைய சபைகளின் பிறப்பே இந்தக் கேள்வியிலிருந்துதான். 1517இல் மார்ட்டின் லுத்தர் 95 குறிப்புகளை எழுதினாரே, அதன் பின்னால் ஒரு பணக் கதை இருக்கிறது. மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவியைப் பெறுவதற்காக ஆல்பிரெக்ட் என்பவர் ஃபுக்கர் என்ற வட்டிக் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கியிருந்தார். ரோமாபுரியில் தூய பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்கென்று பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. வசூலில் பாதி அந்தக் கடனை அடைக்கப் போனது. லுத்தர் இருந்த விட்டன்பெர்க்கில் அந்த விற்பனைக்குத் தடை. ஆனால் அவருடைய சபை மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் ஊருக்குப் போய் டெட்ஸல் என்ற துறவியிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பேராயரின் கடன் லுத்தருக்குத் தெரியுமோ தெரியாதோ, தன் மந்தை கையில் சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஏழைக்குக் கொடுப்பதும் கஷ்டப்படுகிறவனுக்குக் கடன் கொடுப்பதும் சீட்டு வாங்குவதைவிட மேல் என்று 43ஆம் குறிப்பில் எழுதினார். சபையின் மெய்யான பொக்கிஷம் தேவனுடைய மகிமையும் கிருபையுமான சுவிசேஷமே என்று 62ஆம் குறிப்பில் எழுதினார்.

அந்தச் சுவிசேஷம் 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவோடும் புளூட்சோவோடும் தரங்கம்பாடியில் கரையேறியது. அடுத்த வருஷம் அங்கே முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார் தெரியுமா? அப்போது அந்த ஊரை ஆண்ட டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர். தங்கள் சரீரமே தங்களுக்குச் சொந்தமில்லாதவர்கள். அவர்களிடம் யார் எதைக் கேட்டிருக்க முடியும்? தமிழ் மண்ணில் நம்முடைய சபை வரலாறு காசில்லாதவர்களிடம் தொடங்கியது. 1780இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில், அந்தச் சபையைத் தொடங்கிவைத்த கிளாரிந்தாள் உட்பட நாற்பது பேருடைய பெயர்கள் இருக்கின்றன. ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்த ஆட்களின் பட்டியலாக எழுதத் தொடங்கியது பதிவேடு. அதையே நாம் நாளடைவில் கடன் நோட்டாக்கிவிட்டோம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். "சும்மா கிடைத்தால் எவனும் மதிக்க மாட்டான்." கமிட்டிக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்ட பேச்சு. இதற்கு பேதுரு அப்போஸ்தலன் பதில் எழுதி வைத்திருக்கிறார். அழிவுள்ள வெள்ளியினாலும் பொன்னினாலும் நீங்கள் மீட்கப்படவில்லை, குற்றமில்லாத ஆட்டுக்குட்டியாகிய கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்கிறார். நமக்கு இலவசம், கொடுத்தவருக்கு இலவசம் இல்லை. முழுவிலையும் ஒருவர் கொடுத்து முடித்த பிறகு நாம் வாசலில் நின்றுகொண்டு ஒரு தொகை கேட்டால், அவர் கொடுத்தது போதவில்லை என்று சொல்வதாகிவிடும். மதிப்பைக் கூட்டுவதற்காக வைத்த கட்டணம் உண்மையில் சிலுவையின் மதிப்பைத்தான் குறைக்கிறது.

இன்னொரு பயமும் நியாயமானதுதான்: இலவசம் என்றால் ஜனங்கள் இஷ்டப்படி வாழ்வார்களே என்பது. பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6இல் முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்கிறார். எபேசியர் 2இல் நாம் மனப்பாடமாகச் சொல்லும் இரண்டு வசனங்களுக்கு அடுத்த வசனமே நற்கிரியைகளைப் பற்றியதுதான். நற்கிரியை வேண்டும். காணிக்கையும் வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த வரி வசூல்காரன் சகேயுவின் வீட்டுக்கு அவர் போன கதையைப் பாருங்கள். "முதலில் நீ ஏய்த்து வாங்கிய கணக்கையெல்லாம் தீர்த்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று மரத்தடியில் நின்று சொன்னாரா? சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். ஊரார் முறுமுறுத்தார்கள். அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். எந்தக் கமிட்டியாவது அவன்மேல் பாதி ஆஸ்தியை வரியாகப் போட்டிருக்க முடியுமா? போட்டிருந்தால் அவன் மரத்தை விட்டே இறங்கியிருக்க மாட்டான்.

"அப்படியானால் கரண்ட் பில் யார் கட்டுவது, சபை ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?" இதுவும் உண்மையான கேள்வி. இந்தப் பாரத்தைச் சுமக்கிறவர்கள் நீங்கள், நான் இல்லை என்பதை மறக்கவில்லை. நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1903இல் பாளையங்கோட்டையில் வெள்ளாளன்விளை வி.எஸ். அசரியாவும் மற்றவர்களும் சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், இந்தியப் பணத்தால் இந்தியரே நடத்துவோம் என்று தீர்மானித்தார்கள். பனையேறிகளும் விவசாயக் கூலிகளும் நிறைந்த சபைகள் அவை. அந்தச் சபைகளின் காணிக்கையால்தான் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கலுக்கு மிஷனரி போனார். அந்தப் பணத்தை யாரும் பிணத்தை நிறுத்திவைத்து வாங்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் என் அம்மா காலம்வரை எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு நாள் எடுக்க முடியாமல் போனால் அம்மா வருத்தப்படுவாள்; பயப்பட மாட்டாள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் உங்களுக்குக் காட்ட நினைக்கிறேன். "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று 2 கொரிந்தியர் 9:7இல் இருப்பதும் இதுதான். கணக்கைத் தணிக்கை செய்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயில் பலகையில் ஒட்டுங்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எவ்வளவு துண்டு விழுகிறது என்று சபைக்குச் சொல்லுங்கள். கொடுக்கக் கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

இலவசம் என்றால் என்ன என்று நம் ஜனத்துக்குப் புரிய வைப்பது கஷ்டம் என்றும் சொல்லாதீர்கள். சபையாகக் கூடிச் சமைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் அசனப் பண்டிகை நடத்துகிற ஜனம் நாம். அரிசி மூட்டை கொடுத்தவர் யாரோ, காய்கறிக்குப் பணம் கொடுத்தவர் யாரோ, ராத்திரி முழுக்க அடுப்பு முன் நின்று அண்டாவைக் கிளறியவர் யாரோ. பந்தியில் உட்காருகிறவன் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போதும். பக்கத்து ஊர்க்காரன் வந்தாலும், வேறு மதத்தார் வந்தாலும், சந்தாவே கட்டாதவன் பிள்ளைகளோடு வந்து தூக்குவாளியை நீட்டினாலும், சோறு விழுகிறது. அங்கே ரசீது கேட்டால் ஊரே அவமானமாக நினைக்கும். வருஷத்தில் ஒரு நாள் நாம் சரியாகவே செய்கிறோம். கர்த்தருடைய பந்திக்கும், ஞானஸ்நானத் தொட்டிக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும் வரும்போது மட்டும் நம் மனசு ஏன் மாறிவிடுகிறது?

கல்லறை என்றதும் மத்தேயு 27ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. நம் ஆண்டவரின் சரீரம் வைக்கப்பட்டது அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு தனக்கென்று வெட்டியிருந்த கல்லறையில். தமக்கென்று ஒரு குழி நிலம்கூட அவருக்கு இல்லை. பணக்காரன் ஒருவன் தன்னுடையதைக் கொடுத்தான், அவ்வளவுதான். அப்படி அடக்கம்பண்ணப்பட்டவரின் பெயரால் நடக்கும் கல்லறைத் தோட்டத்தில், பாக்கி தீர்ந்தால்தான் குழி வெட்டலாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆகையால் என் விண்ணப்பம் இது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, அடக்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, திருமணம் ஆகிய எதற்கும் சந்தா பாக்கியைக் காரணமாகக் காட்டக் கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள். பாக்கிதாரர் பெயர்களை ஆராதனையில் வாசிக்கும் பழக்கம் இருக்கிற இடங்களில் அதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். நோயாளிகள், விதவைகள், வேலை இழந்தவர்கள் ஆகியோரின் பழைய பாக்கியை அடியோடு தள்ளுபடி செய்யுங்கள். கமிட்டித் தேர்தலில் ஓட்டுப்போடவும் நிற்கவும் சந்தா ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள். அது நிர்வாகம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஐயர்மாரிடமும் ஒரு வார்த்தை: பீடத்தில் நின்று கிருபையைப் பிரசங்கிக்கிற நீங்களே இந்தத் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும். பொருளாளர் தனியாக நின்று இந்த விதியை மீற முடியாது. சேகர குருவானவர் கூட நின்றால் முடியும்.

காணிக்கை கொடுத்தால் வியாதி நீங்கும், விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று கூட்டங்களில் பேசும் ஊழியர்களைப் பற்றி நீங்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். குறைப்படுவது சரிதான். தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே சம்பாதித்துக்கொள்ளலாமென்று நினைத்த மந்திரவாதி சீமோனை, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்று பேதுரு கடிந்துகொண்டார். ஆனால் அவர்களைக் கேட்பதற்கு முன் நம் வீட்டை நாம் சுத்தம் பண்ண வேண்டும்.

தீர்மானம் நிறைவேறியதும் ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். அதோடு நிற்காதீர்கள். பாக்கிக்கு வெட்கப்பட்டுக் கோயிலுக்கு வராமல் நின்றுவிட்ட குடும்பங்கள் உங்கள் சேகரத்திலும் இருப்பார்கள். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். கமிட்டியிலிருந்து இரண்டு பேராகப் போய், பழைய கணக்கைப் பேசாமல், அவர்களை வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் கூப்பிடுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்களோடு,
ஒரு சபை அங்கத்தினர்